யாரோட பங்கு?

அமெரிக்கக் கால்பந்தில் எதிரணி பந்தோடு கடைசிக் கோட்டைத் தாண்டி டச்டவுன் போட்டதும் மைதானத்தில் யார் எங்கே நிற்கிறார்கள் என்று பார்த்தால் போதும், ஜேவியன் கிராஸைப் புரிந்துகொள்ளலாம். பந்து போன இடத்திலிருந்து ரொம்ப தூரம் தள்ளி நிற்பான். இரண்டு உள்ளங்கைகளையும் வானத்தைப் பார்க்க விரித்து, தோளைக் குலுக்கி, ‘அங்கே ஒருத்தன் இருக்க வேண்டாமா?’ என்று கேட்பதுபோல முகத்தை வைத்துக்கொள்வான். கேமரா அவனைக் காட்டும். அடுத்து வெண்டல் ஃபாண்டனோவைக் காட்டும். வெண்டலோ டச்டவுன் போட்டவன் காலடியில் வாய் நிறையப் புல்லோடு கிடப்பான். ஊரே அத்தோடு முடிவு கட்டிவிடும்.

மில்வாக்கி அணிக்கு இரண்டு கார்னர்பேக்குகள். இடது ஓரத்தில் ஜேவியன், வலது ஓரத்தில் வெண்டல். பந்து பிடிக்க ஓடிவரும் எதிரணி ரிசீவரோடு கூடவே ஓடி அவனைப் பிடிக்க விடாமல் செய்வது கார்னரின் வேலை. எங்கே திரும்பப் போகிறோம் என்று ரிசீவருக்குத் தெரியும். கார்னருக்குத் தெரியாது. அதிலும் பாதி தூரம் பின்னோக்கி ஓட வேண்டும். இவ்வளவையும் ஒழுங்காகச் செய்தால் என்ன பலன்? பந்து அவன் பக்கமே வராது. வராத பந்துக்கு எவன் கைதட்டுவான்?

வெண்டல் பக்கம் பந்து வருவதே அபூர்வம். அதனால் அவன் பறித்த பந்தும் ஏதுமில்லை. ஜேவியன் பக்கம் பந்து மழையாகப் பொழியும், அதில் சிலவற்றை அவன் பறிப்பான். கதவைத் திறந்து போட்டுவிட்டு, வந்த திருடர்களில் ஒருத்தனைப் பிடித்ததற்கு மெடல் குத்திக்கொள்கிற வீட்டுக்காரன் மாதிரி. இந்த லட்சணத்துக்கு ஊர் அவனுக்கு வைத்த பட்டப்பெயர் ‘பூட்டு’. அவனும் தங்கத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பூட்டு செய்து கழுத்தில் மாட்டிக்கொண்டான். பந்தைப் பறித்ததும் சாவியைத் திருப்புவதுபோல ஓர் அபிநயம் பிடிப்பான். டிவியில் ஆட்டத்தை அலசும் சிப் ஹான்லனும் அதையே செய்து காட்டுவார். ஹான்லன் முன்னாள் க்வார்ட்டர்பேக், அதாவது ரிசீவர்களுக்குப் பந்து வீசுகிறவர். ஆடிய காலத்தில் சொந்த ஆட்களைவிட எதிராளிகளுக்கே தாராளமாகப் பந்து வீசியவர். டிவியில் தீர்ப்புச் சொல்ல நல்ல கோட் ஒன்று இருந்தால் போதும் போலிருக்கிறது, கண் தேவையில்லை.

அணியின் தடுப்பு முறை அப்படியொன்றும் சிக்கலானதில்லை. பின்பக்க மைதானத்தை மூன்று பங்காக்குவார்கள். இடது பங்கு ஜேவியனுக்கு, வலது பங்கு வெண்டலுக்கு, நடுப்பங்கு மார்லோ பிக்கெட்டுக்கு. தன் பங்குக்குள் ஆழமாக ஓடிவருகிறவனைத் தனக்குப் பின்னால் போக விடக்கூடாது, அவ்வளவுதான். ஒருவன் பங்கு மாறிக் குறுக்கே ஓடினால், ஏற்றுக்கொள்கிறவன் ‘எனக்கு!’ என்று கத்த வேண்டும். கத்தல் கேட்ட பிறகுதான் முதல் ஆள் அவனை விட வேண்டும்.

ஜேவியனுக்கு இந்தக் காத்திருப்பெல்லாம் ஆகாது. க்வார்ட்டர்பேக்கின் கண்ணைப் பார்த்துக்கொண்டே நிற்பான். முன்னால் எங்காவது குட்டைப் பந்து வரும், பறித்துவிடலாம் என்று நாக்கில் எச்சில் ஊறப் பாய்வான். அவன் விட்ட ரிசீவர் குறுக்கே வெட்டி, காலியான வழியில் வலது பக்கம் வந்து சேர்வான். அதைக் கவனித்துவிட்டு வெண்டல் ஓடுவான். சில நேரம் எட்டிவிடுவான், அப்போது ஒன்றும் நடக்காது, யாரும் பேச மாட்டார்கள். சில நேரம் ஒரு கை தூரத்தில் தவறிவிடும். படத்தில் பக்கத்தில் இருப்பவன் வெண்டல்தான். ஓடாதவன் படத்திலேயே இல்லை. ஓடியவன் தலையில் டச்டவுன் விழும்.

‘ஃபாண்டனோ மறுபடியும் ஏமாந்துட்டார்’ என்பார் ஹான்லன். ‘வயசாகுது பாருங்க.’

கோச் கிராபோவ்ஸ்கிக்குமா இது தெரியாது என்று கேட்கலாம். அவர் டிவியை நம்புகிற ஆளில்லை. உச்சியிலிருந்து எல்லா ஆட்களையும் சேர்த்து எடுத்த படத்தைத்தான் திங்கட்கிழமை அணியோடு உட்கார்ந்து பார்ப்பார். ஆனால் அந்தப் படத்தில் சத்தம் கிடையாது. யார் ‘எனக்கு’ என்று கத்தினான், யார் கத்தவில்லை என்பது ஆடியவர்களுக்கு மட்டும்தான் தெரியும். அதனால் கோச் டச்டவுன் விழுந்த இடத்தில் படத்தை நிறுத்திவிட்டு ஒரே கேள்வி கேட்பார்.

“யாரோட பங்கு?”

யாருடையதோ அவன் ‘என்னோடது’ என்று சொல்லிவிட வேண்டும். சொன்னால் விஷயம் முடிந்தது, அடுத்த படம். அடுத்தவனைக் காட்டிக் கொடுக்கக்கூடாது. அந்த அறையில் அது எழுதாத சட்டம். ஜேவியன் முன்வரிசையில் தனக்கென்று கொண்டுவந்த மெத்தை நாற்காலியில் சாய்ந்து, டோனட்டின் சர்க்கரையை விரலில் நக்கிக்கொண்டிருப்பான். மார்லோ தன் ஷூவைப் பார்ப்பான்.

“என்னோடது” என்பான் வெண்டல்.

பயத்தால் இல்லை, பெருந்தன்மையாலும் இல்லை. இளக்காரத்தால். ‘இந்தப் பயலோடு நான் வாதாடுவதா? என் வாய்க்கு வேறு வேலை இல்லையா?’ என்ற நினைப்பு. பதினொரு வருடமாக இந்த ஆட்டத்தை ஆடுகிறவனுக்கு, யார் என்ன செய்தார்கள் என்று விளக்கிக்கொண்டிருப்பதே கேவலமாகப் பட்டது. தெரிந்தவனுக்குத் தெரியும், தெரியாதவனுக்குச் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று விட்டுவிடுவான்.

கடைசி ஆட்டத்துக்கு முந்திய செவ்வாய்க்கிழமை கோச் அவனைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். ஞாயிற்றுக்கிழமை டொலீடோவை வென்றால் நாக்அவுட், தோற்றால் வீட்டுக்கு.

“உட்காரு வெண்டல். நேராவே சொல்லிடறேன். ப்ரைஸ் ரெடியா இருக்கான்.”

ப்ரைஸ் ஹாலிடே இந்த வருடம் பெரிய ஆரவாரத்தோடு எடுத்து வைத்திருந்த புது கார்னர்.

“நல்ல பையன்தான்” என்றான் வெண்டல்.

“இந்த ஞாயித்துக்கிழமை உன் பக்கம் இன்னொண்ணு விழுந்துச்சுன்னா, நாக்அவுட்ல அவன்தான். எனக்கு வேற வழி தெரியல. ஒவ்வொரு திங்கக்கிழமையும் நீயே உன்னோடதுங்கற. ‘எனக்கு’ன்னு கத்தி ஆளை வாங்கிக்கற, அப்புறம் எட்ட முடியல. கால் ஒத்துழைக்கலையாப்பா?”

கால்! வெண்டலுக்குச் சிரிப்பு வந்தது. அடுத்தவன் ஆளைத் துரத்திக்கொண்டு மைதானத்தின் பாதி அகலம் ஓடுகிற காலைப் பார்த்துக் கேட்கிற கேள்வி. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ‘நான் கத்தவே இல்லை கோச்’ என்றால் போதும். நாக்கு நுனி வரை வந்தது. இவ்வளவு நாள் பார்த்தும் புரியாத ஆளிடம் போய் இதைச் சொல்வதா என்று அப்படியே விழுங்கிவிட்டான்.

“கால் நல்லாதான் இருக்கு” என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து வந்தான்.

முப்பத்துமூன்று வயதுக் கார்னரை ஒரு அணி பெஞ்சில் உட்காரவைத்தால் அடுத்த வருடம் எந்த அணியும் போன் பண்ணாது. இது அவனுக்கும் தெரியும், அவன் மனைவி ஓடெட்டுக்கும் தெரியும். லூசியானாக்காரி. கம்போ என்கிற தன் ஊர்க் குழம்பைக் கிண்டிக்கொண்டே கரண்டியை அவன் பக்கம் நீட்டிப் பேசினாள்.

“நீ வாயைத் திறந்து சொன்னியா?”

“என்னத்தச் சொல்றது? படம் பார்க்கறவங்கதானே, கண்ணு இல்லையா?”

“உனக்குப் பேச வராம இல்ல. இவனுங்க கூடப் பேசறதே தரக்குறைவுன்னு உனக்கு நினைப்பு. பெரிய மகாராஜா!”

“அந்தப் பூட்டுப் பய முகத்தைப் பார்த்தாலே எனக்குப் பத்திக்கிட்டு வருது, ஓடெட்.”

“அவன் கூட ஊருக்குத் தெரியற மாதிரி கையை விரிச்சுக் காட்டறான். நீ அதுவும் செய்யறதில்ல. அவன் தப்பை நீயா தலையில வாங்கிட்டு, அதை அவங்க நம்பிட்டாங்கன்னு இங்க வந்து மூஞ்சியத் தூக்கி வச்சுக்கற. நம்பாம என்ன பண்ணுவாங்க? சொன்னதே நீதானே?”

வெண்டலுக்குக் கோபம் வந்தது.

“சரி. இந்த ஞாயித்துக்கிழமை என் பங்கை மட்டும் பார்த்துக்கறேன். அவன் விட்ட ஆளு எங்க வேணா ஓடட்டும். நான் ஓட மாட்டேன். நடுமைதானத்துல எவனும் இல்லாம டச்டவுன் விழட்டும். அப்பத் தெரியும் இவன் பூட்டா, ஓட்டையான்னு.”

“உன்னால முடியாது” என்றாள் ஓடெட், கம்போவில் வெண்டைக்காயைப் போட்டபடி.

ஞாயிற்றுக்கிழமை மில்வாக்கியில் மூச்சு விட்டால் மீசையில் உறையும் குளிர். டொலீடோக்காரர்கள் டிவி பார்த்துவிட்டு வந்திருந்தார்கள் என்பது ஆரம்பத்திலேயே தெரிந்துவிட்டது. முதல் பந்து வெண்டல் பக்கம். தட்டிவிட்டான். இரண்டாவதும் அவன் பக்கம்தான். தட்டிவிட்டான். வருடம் முழுக்க வராத பந்தெல்லாம் இன்றைக்கு வரிசை கட்டி வந்தது. பசியோடு இருந்தவனுக்கு இலை போட்ட மாதிரி இருந்தது வெண்டலுக்கு. எதிரே ஆடிய ரிசீவர் டேக்வுட் மூன்றாவது தடவை தரையில் விழுந்தபோது படுத்தபடியே கேட்டான்.

“யோவ், உனக்கு வயசாயிடுச்சுன்னு சொன்னாங்களே?”

“எவன் சொன்னான்?”

“டிவில. கோட்டு போட்ட ஆளு.”

“அவன் ஆடுனப்போ நீ பொறந்திருக்க மாட்ட. பொறந்திருந்தா இப்படி நம்பியிருக்க மாட்ட. எந்திரி, குளிருது.”

இடைவேளைக்குப் பிறகு டொலீடோவுக்குப் புத்தி வந்து இந்தப் பக்கம் வீசுவதை நிறுத்தினார்கள். ஆட்டம் ஏறி இறங்கிக் கடைசியில் மில்வாக்கி நாலு பாயிண்ட் முன்னால் இருந்தது. டொலீடோவிடம் பந்து. மிச்சமிருந்தது ஒரே ஒரு வீச்சுக்கான நேரம். டச்டவுன் விழுந்தால் எல்லாம் போச்சு.

பந்து கிளம்பியது. டேக்வுட் கொஞ்ச தூரம் ஓடிவிட்டு நின்று திரும்பினான். வெண்டல் அவனையும் க்வார்ட்டர்பேக்கின் தோளையும் பார்த்தான். கண் ஏமாற்றும், தோள் ஏமாற்றாது. தோள் அந்தப் பக்கம், ஆழமாகத் திரும்பியது. அங்கே ஜேவியன் இருக்க வேண்டும். இல்லை. முன்னால் ஒரு குட்டைப் பந்து வருமென்று பாய்ந்திருந்தான். அவன் விட்ட நெட்டை ரிசீவர் குறுக்கே வெட்டி, மார்லோவின் முதுகுக்குப் பின்னால், யாருமே இல்லாத புல்வெளியில் ஓடிவந்துகொண்டிருந்தான்.

யாரும் ‘எனக்கு’ என்று கத்தவில்லை.

இதற்காகத்தானே காத்திருந்தோம் என்று வெண்டலுக்குத் தோன்றியது. நின்றுவிட்டால் போதும். கேமராவில் அந்த நெட்டையனைத் தவிர ஒருவரும் இருக்க மாட்டார்கள். ஹான்லனால்கூட இன்னொருவன் பெயரைச் சொல்ல முடியாது. ஆனால் இதை நினைத்து முடிப்பதற்குள் கால் ஓட ஆரம்பித்துவிட்டது. சனியன் பிடித்த கால். ‘நில்லுடா, நில்லுடா’ என்று தன்னையே திட்டிக்கொண்டே வெண்டல் ஓடினான். பந்து மேலே போனது, இறங்கியது, நெட்டையனின் கைக்குள் விழுந்த அதே கணத்தில் வெண்டல் பாய்ந்து இரண்டு கைக்கும் நடுவே குத்தினான். பந்து செங்குத்தாக மேலே எழும்பியது. வெண்டல் முகம் பதிய விழுந்தான்.

அப்போதுதான் சாவகாசமாகத் திரும்பி ஓடிவந்துகொண்டிருந்தான் ஜேவியன். பந்து அவன் மார்பிலேயே வந்து விழுந்தது. பிடித்துக்கொண்டான்.

மைதானம் இடிந்து விழுவதுபோலச் சத்தம். ஜேவியன் சாவியைத் திருப்பினான், எல்லா கேமராவுக்கும் ஒரு தடவை. ஐந்தாறு பேர் அவனைத் தூக்கிக்கொண்டார்கள். வெண்டல் புல்லைத் துப்பிவிட்டு எழுந்து உட்கார்ந்தான். நெட்டை ரிசீவர் பக்கத்தில் மல்லாந்து கிடந்தான்.

“உனக்கு என்னய்யா இங்க வேலை? நீ அந்த ஓரத்துல இல்ல இருந்த?” என்று அழாத குறையாகக் கேட்டான்.

“எனக்கும் அதான் தெரியல” என்றான் வெண்டல்.

உடைமாற்றும் அறைப் பெரிய டிவியில் ஹான்லன் வந்தார். பரவசத்தில் கழுத்துப்பட்டை ஒரு பக்கம் திரும்பியிருந்தது. “பாருங்க, ஃபாண்டனோ மறுபடியும் பின்தங்கிட்டார். ஆனா அங்க யார் இருக்கா? பூட்டு! சக வீரனோட தப்பை எப்படிக் காப்பாத்தினார் பாருங்க!” ஜேவியன் மைக்குகளுக்கு நடுவே அடக்கமாகத் தலையாட்டிக்கொண்டிருந்தான். போகிற போக்கில் வெண்டலின் தோளில் தட்டினான்.

“கவலைப்படாத பெருசு. நான் இருக்கேன்ல? பார்த்துக்கறேன்.”

வெண்டல் அவனை மேலிருந்து கீழ் வரை பார்த்தான். ஒரு மனிதனை அடிக்க வேண்டும் என்று தோன்றினால் அவன் மேல் இன்னும் கொஞ்சம் மரியாதை மிச்சமிருக்கிறது என்று அர்த்தம். வெண்டலுக்கு அடிக்கக்கூடத் தோன்றவில்லை.

திங்கட்கிழமை. படம் ஓடியது. அந்தக் கடைசி வீச்சு வந்ததும் எல்லோரும் விசிலடித்தார்கள், மேஜையைத் தட்டினார்கள். ஜேவியன் மெத்தை நாற்காலியில் சாய்ந்தபடி கையை உயர்த்தி வணக்கம் வாங்கிக்கொண்டான். கோச் சிரிக்கவில்லை. நெட்டையன் கையில் பந்து விழும் இடத்தில் படத்தை நிறுத்தினார்.

“ஜெயிச்சாச்சு, சரி. இது உள்ள போயிருந்தா வீட்டுல இருந்திருப்போம். யாரோட பங்கு?”

டோனட் மெல்லும் சத்தம். மார்லோ ஷூவைப் பார்த்தான். ஒவ்வொரு தலையாக வெண்டல் பக்கம் திரும்பியது. பழக்கம். கோச்சின் விரல்கூட அடுத்த படத்துக்கான பொத்தான் மேல் தயாராக இருந்தது.

வெண்டல் சும்மா இருந்தான்.

“வெண்டல்?” என்றார் கோச்.

“என்ன கோச்?”

“யாரோட பங்குன்னு கேட்டேன்.”

ஜேவியன் நாற்காலியில் பாதி திரும்பினான். “சொல்லு பெருசு. நான்தான் காப்பாத்திட்டேனே, யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க.”

“என்னோடதுதான்” என்றான் வெண்டல். கோச்சின் விரல் பொத்தானை அழுத்தப் போனது. “இருங்க கோச், இன்னும் முடிக்கல. வலது பங்கு என்னோடது. நடுவுல பாதி என்னோடது. இப்ப இடது பங்கும் என்னோடதுங்கறாரு தம்பி. ரொம்ப சந்தோஷம், வாங்கிக்கறேன். அப்ப இவரோடது எது? அதை மட்டும் ஒரு தடவை இந்தப் படத்துல காட்டிட்டு அடுத்ததுக்குப் போங்க.”

யாரோ பின்வரிசையில் இருமினார்கள்.

“நீ ‘எனக்கு’ன்னு கத்தி வாங்கலையா?” என்றார் கோச்.

“நான் இந்த வருஷம் முழுக்க ஒரு தடவைகூட அப்படிக் கத்தல.”

“அப்ப ஒவ்வொரு வாரமும் என்னோடதுன்னு சொன்னது?”

“உங்களுக்கே தெரியும்னு நினைச்சேன். தெரியாதவருக்குச் சொல்லி என்ன பிரயோஜனம்னும் நினைச்சேன்.”

கோச்சின் முகம் சிவந்தது. எழுதாத சட்டம் எழுதிய சட்டம் எல்லாவற்றையும் ஓரமாக வைத்துவிட்டு அவர் நடுப்பங்குக்காரன் பக்கம் திரும்பினார். “மார்லோ. நீ நடுவுல நின்ன. ஏதாவது குரல் கேட்டுச்சா?”

மார்லோ ஷூவிலிருந்து கண்ணை எடுக்க ரொம்ப நேரமானது. “இல்ல கோச். எந்தக் குரலும் வரல.” பிறகு யாரும் கேட்காமலே சொன்னான். “எப்பவுமே வந்ததில்ல.”

கோச் படத்தைப் பின்னால் ஓட்டினார். ஆரம்பத்திலிருந்து மெதுவாக ஓடவிட்டார். இந்தத் தடவை பந்தை யாரும் பார்க்கவில்லை. இருபது முப்பது பெரிய ஆண்கள் சேர்ந்து திரையின் இடது பக்கத்துப் புல்லைப் பார்த்தார்கள். அங்கே ஒருவரும் இல்லை. போன மாதத்து ஆட்டத்தைப் போட்டார். இடது பக்கம் புல். அதற்கு முந்தியதைப் போட்டார். அங்கேயும் புல்தான், நல்ல பச்சையாக.

“யாரோட பங்கு?” என்றார் கோச், ஜேவியனைப் பார்த்து.

ஜேவியனின் கைகள் பழக்கதோஷத்தில் தாமாகவே விரிந்தன. உள்ளங்கை மேலே, தோள் குலுங்கல், எல்லாம் சரியாக வந்தது. ஒரு விரலில் சர்க்கரை ஒட்டியிருந்தது. கேமராதான் இல்லை. யாரோ களுக்கென்று சிரித்தார்கள், அது அறை முழுக்கப் பரவியது. முகத்தில் ஈயாடவில்லை அவனுக்கு. கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் கடைசியில் தொடைக்கடியில் வைத்துக்கொண்டான்.

வெண்டலுக்குக் குதூகலம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. இரண்டே நிமிட வேலை, இதற்கா இத்தனை வருடம் வாயை மூடிக்கொண்டு இறுமாந்திருந்தோம் என்று, வாழ்க்கையில் முதல்முறையாகத் தன் மேலேயே இளக்காரம் வந்தது. ஓடெட்டிடம் இதைச் சொல்லக்கூடாது என்று நினைத்தான். சொல்லாமலே கண்டுபிடித்துவிடுவாள்.

கோச் விளக்கைப் போட்டார்.

“ப்ரைஸ்.”

சுவரோரம் உட்கார்ந்திருந்த புதியவன் துள்ளி நிமிர்ந்தான். “கோச்.”

“நாக்அவுட்ல நீ ஆடற.”

எல்லோரும் வெண்டலைப் பார்த்தார்கள். வெண்டல் கோச்சைப் பார்த்தான்.

“இடது பக்கம்” என்றார் கோச். “குறுக்க எவனாவது ஓடினா வெண்டலோட குரலுக்குக் காத்திரு. வெண்டல், இனிமே வாயைத் திறந்து கத்துவியா?”

“கத்தறேன் கோச்” என்றான் வெண்டல்.